வியர்க்காத இடம்

சித்தாண்டிப் பிரதான வீதியில், மருந்துக் கடைக்கும் சைக்கிள் திருத்துமிடத்துக்கும் நடுவே ஒடுங்கிய ஓர் அறை. அதுதான் றெபேக்காவின் அழகு நிலையம். வாகரைப் பக்கத்துப் பெண். கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பிலிப்பைன்ஸ்காரியின் கடையில் நின்று தொழில் பழகி வந்தவள். பெரிய கைகாரி என்று சொல்லிவிட முடியாது. முடி வெட்டுவதில் சுமார். மணப்பெண் அலங்காரத்துக்கு அவளைவிடக் கெட்டிக்காரிகள் செங்கலடியில் இருந்தார்கள். ஒரே ஒரு காரியத்தில்தான் அவள் யாருக்காகவும் அவசரப்படமாட்டாள். புருவ மயிரைப் பிடுங்க வெக்ஸ் என்கிற சுடுமெழுகு வைக்குமுன் தோலைத் தயார் செய்வது.

முதலில் முகத்தைக் கழுவவைப்பாள். பிறகு பஞ்சை நனைத்துப் புருவத்தின் மேலும் கீழும் துடைப்பாள். எண்ணெய், பவுடர், மஞ்சள், திருநீறு எதுவும் அதில் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் மெழுகு மயிரைப் பிடிக்காமல் தோலைப் பிடிக்கும். அதற்குப் பிறகு கேள்விகள்.

"ராவைக்கு முகத்துல என்ன பூசின நீங்க ராத்தா?"

"ஒண்டும் பூசல்ல" என்பாள் ஓட்டமாவடியிலிருந்து வரும் நிஸ்மியா.

றெபேக்கா பஞ்சை அவள் கண்முன்னால் பிடிப்பாள். அது வெள்ளைக் களிம்பில் தோய்ந்திருக்கும்.

"அப்ப இது என்ன?"

"அட, அதையுமா கேட்ட நீ? அது நான் தினமும் போடுறதுதானே."

தினமும் செய்வதை மனிதர் ஒன்றாகவே எண்ணுவதில்லை. உடம்பைப் பற்றி ஒருவரிடம் கேட்டால், பொய் சொல்லும் நோக்கமே இல்லாமல் பொய்தான் வரும். அதனால் கடைசிச் சோதனையை றெபேக்கா வாய்க்கு விடுவதில்லை. மெழுகில் ஒரு பொட்டெடுத்து வாடிக்கைக்காரியின் நெற்றியோரத்தில் வைப்பாள். "சுடுதா?" என்று கேட்கமாட்டாள். கேட்டால் இந்த ஊரில் யாரும் ஓம் என்று சொல்லப்போவதில்லை. "பரவாயில்ல, நீ செய் புள்ள" என்பார்கள். அவள் தொண்டைக்குழியைப் பார்ப்பாள். சூடு கூடுதலாக இருந்தால் எவ்வளவு மரியாதைக்காரியும் ஒருமுறை எச்சில் விழுங்குவாள்.

பிரஷாந்தி வந்தது பகல் வேளையில், மின்சாரம் நின்று நின்று வந்த ஒரு நாளில்.

வீதிக்கு எதிர்ப்பக்கம் ரொட்டிக் கடை வைத்திருப்பவள் பிரஷாந்தி. றெபேக்காவைவிட ஐந்தாறு வயது மூத்தவள். கனன்ற இரும்புத் தட்டில் கிடக்கும் ரொட்டியை அகப்பை இல்லாமல் வெறுங்கையால் புரட்டுவாள். அதைப் பார்ப்பதற்கென்றே ரொட்டி வாங்குகிறவர்கள் உண்டு. வயல்வட்டைப் பக்கத்து அம்மாள் கோயில் சடங்கில் ஆண்டுதோறும் தீ மிதிப்பவள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிவந்து, "அந்தக் கையால ஒருக்காத் தடவிவிடு" என்று கேட்கிற தாய்மாரை றெபேக்கா தன் கதவிலிருந்தே பார்த்திருக்கிறாள்.

கதிரையில் சாய்ந்ததும் பிரஷாந்தி சொன்னாள்: "மகள் பெரிய புள்ளையாகிட்டாள், சாமத்தியச் சடங்கு வருகுது புள்ள. படம் எடுக்கிறவன் முகத்துக்குக் கிட்டக் கிட்ட வந்து எடுப்பானாம். இந்தப் புருவத்தப் பாரு. இடப்பக்கம் வால் மெலிஞ்சு போச்சு. வலப்பக்கத்தையும் அப்படியே ஆக்கிவிடு."

"எல்லாரும் இல்லாதத உண்டாக்கச் சொல்லி வருவாங்க அக்கா. நீங்க இரிக்கிறத இல்லாமலாக்கச் சொல்லுறீங்க."

"வயசு போறதுக்குள்ள ஒரு நாளைக்காவது ரெண்டு பக்கமும் ஒண்டா இருக்கட்டுமே."

இருவரும் சிரித்தார்கள். றெபேக்கா பஞ்சை எடுத்தாள். மஞ்சள் வந்தது, திருநீறு வந்தது. எல்லாம் போனபின், மெலிந்த புருவ வாலைச் சுற்றி, பொட்டு வைக்கும் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிறிய ஓர் இடம் தெரிந்தது.

"தேமல்" என்றாள் பிரஷாந்தி. "அதுக்குத்தான் மஞ்சள் பூசுறன்."

மின்விசிறி நின்றிருந்தது. அறை அவிந்தது. பிரஷாந்தியின் நெற்றியில் வியர்வை அரும்ப, றெபேக்கா ஒற்றினாள். திரும்பவும் அரும்பியது, திரும்பவும் ஒற்றினாள். அப்போதுதான் ஒன்று அவள் கண்ணில் பட்டது. நெற்றி முழுவதும், மூக்கு, மேலுதடு, கன்னம் எங்கும் முத்து முத்தாக வியர்த்திருக்க, அந்த வெளிறிய இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. மழை பெய்த முற்றத்தில் ஏதோ ஒன்றால் மூடிவைத்த இடம்போல.

அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று, துடைக்கிற வேலை மிச்சம் என்றுதான் நினைத்தாள். மின்சாரம் வந்தது. மெழுகுச் சட்டி சூடேறியது. ஒரு பொட்டெடுத்து அந்தக் காய்ந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தொண்டைக்குழியைப் பார்த்தாள்.

பிரஷாந்தி பேசிக்கொண்டே இருந்தாள். எத்தனை தட்டுப் பலகாரம், யார் யார் பால் அறுகு வைப்பது, மாமியாருக்கு எந்தச் சேலை. தொண்டை அசையவில்லை. குரல்கூட ஓரிடத்திலும் தடுக்கவில்லை. சூடு சரி என்று முடிவுகட்டி, பொட்டின் ஓரத்தைச் சீராக்க றெபேக்கா விரலை வைத்தாள்.

விரல் தானாகவே பறந்து அவள் வாய்க்குள் போனது.

மெழுகு கொதித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய் ஈரத் துணியை வைத்து அதை எடுத்தாள். அடியில் தோல் சிவந்து, நடுவில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. பிரஷாந்தியின் பேச்சு இன்னும் மாமியாரின் சேலையிலேயே நின்றது.

"அக்கா..." என்றாள் றெபேக்கா. "சுட்டுப்போட்டன் அக்கா. உங்களுக்குத் தெரியல்லையா?"

"எனக்கெங்க தெரியும்?" பிரஷாந்தி பெருமையும் கூச்சமுமாகச் சிரித்தாள். இடது முன்கையை நீட்டிக் காட்டினாள். அங்கேயும் வெளிறிய இடங்கள். அவற்றின் மேல் பழைய தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக. "ரெண்டு வருசத்துக்கு முதல் சடங்கு முடிஞ்ச கையோட இப்படி வந்தது. அம்மாள் எண்ட சூட்டை எடுத்துப்போட்டா புள்ள. இந்தக் கையில விரல் நுனி வரைக்கும் நெருப்பு வைச்சாலும் தெரியாது, கத்தி வெட்டினாலும் தெரியாது."

றெபேக்கா அந்தக் கையைப் பார்த்தாள். தன் பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், சுவரில் ஒட்டியிருந்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. வெளிறிய தோல், உணர்ச்சியில்லை என்ற வரி, அதன்கீழ் ஒரு சொல். அந்தச் சொல்லை நினைத்ததும் நீட்டியிருந்த கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மெழுகு சரியில்ல அக்கா. இண்டைக்கு வேணாம். மறுகா சொல்லுறன்" என்று எப்படியோ அனுப்பிவைத்தாள்.

கதவைச் சாத்தியபின் அவள் செய்தவை அவளுக்கே அதிர்ச்சி. டெற்றோல் போத்தலைக் கையில் அப்படியே கவிழ்த்தாள். எரியும்வரை தேய்த்தாள். பிரஷாந்தி தலைவைத்த துவாயைக் குச்சியால் தூக்கிப் பின்புறம் கொண்டுபோய்க் கொளுத்தினாள். சுட்ட விரலை வாயில் வைத்தது ஞாபகம் வந்து துப்பினாள், திரும்பத் திரும்பத் துப்பினாள். குட்டநோய்க்காரனை ஆண்டவர் கையால் தொட்ட கதையை அவள் ஞாயிறு பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவள். கேட்டது ஒன்றும் அந்த நேரம் உதவிக்கு வரவில்லை. எரிகிற துவாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், இதை யாராவது பார்த்தால் பிரஷாந்தி அக்காவுக்கு என்ன ஆகும் என்று முதன்முதலாகத் தோன்றியது.

கணவன் ஜொய்சன் ஓட்டோவை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தபோது சொன்னாள். அவன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"வாயப் பொத்திக்கொண்டு இரி. நீ என்ன டொக்டரா?"

"அவட கை ஜொய்சன். ஒரு நாளைக்கு எலும்பு வரைக்கும் வேகும், தெரியாமலே நிப்பா."

"சொன்னா என்ன நடக்கும்? ஊரே அவட கையால தின்னுது. ஒருத்தன் அந்தக் கடைப் படி மிதிப்பானா? சாமத்தியச் சடங்குக்கு ஒரு சனம் போகுமா? அந்தப் பொட்டைய நாளைக்கு ஆர் கட்டுவான்? மாந்தீவெண்ட பேரைக் கேட்டாலே இஞ்ச சனம் துப்பும்."

மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் தீவு அது. ஒரு காலத்தில் இந்த நோய்க்காரரைக் கொண்டுபோய் விட்ட இடம்.

"மாத்தலாமாம் இப்ப. குளிசை மருந்து இரிக்காம்."

"நோயை மாத்தலாம்" என்றான் ஜொய்சன். "பேரை?" கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னான். "அதோட நீ வேதக்காறி, பைபிள் படிக்கிறவள். அவட அம்மாள் குடுத்ததை நீ போய் நோயெண்டு சொல்லப்போறாய். என்ன நினைப்பாங்க?"

அவன் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. அதுதான் றெபேக்காவைத் தூங்கவிடாமல் செய்தது. சொன்னால் அந்தப் பெண்ணிடமிருந்து பிழைப்பும், ஊரில் இருக்கும் மதிப்பும், கடவுள் தந்தது என்று அவள் நம்பிய ஒன்றும் சேர்த்துப் போகும். சொல்லாவிட்டால் கை போகும். கை போவது மெதுவாக நடக்கும், யாரும் றெபேக்காவைக் குறை சொல்லமாட்டார்கள். அந்த வசதிதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கடை பூட்டும் வேளை பார்த்துப் போய், தனியே கூப்பிட்டுச் சொன்னாள். குட்டம் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. "அந்த இடத்துல வேர்க்குதில்ல அக்கா. ஒருக்கா தோல் கிளினிக்குக்கு வாங்க. நானும் கூட வாறன்."

பிரஷாந்திக்கு விளங்காமல் இல்லை. அவளும் அந்தச் சுவர்ப் படத்தைப் பார்த்தவள்தான். முகம் கறுத்தது.

"எந்த நாக்கால சொல்லுறாய்?"

"அக்கா, நான் கெட்டதுக்குச் சொல்லல்ல..."

"எண்ட கையத் தொட்டுக் கும்பிட்டுப் போற சனத்தக் கண்டு உனக்கு எரியுது. உங்கட சபைக்கு ஆள் பிடிக்க இதுவும் ஒரு வழியா? என்னை நோய்க்காறியாக்கி, மறுகா செபம் பண்ணிச் சுகமாக்கினமெண்டு சொல்லவா?"

"ஐயோ அக்கா, டொக்டர்டதான் கூப்பிடுறன்."

"போ இஞ்ச இருந்து. எண்ட படியில இனிக் கால் வைக்காத."

அடுத்த கிழமைக்குள் கதை வேறு உருவில் வீதி முழுவதும் நடந்தது. சைவப் பெண்ணின் முகத்தில் திருநீறு இருந்ததால் றெபேக்கா கைவைக்க மறுத்துவிட்டாளாம். பாதியில் எழுப்பி அனுப்பிவிட்டாளாம். றெபேக்கா திகைத்துப்போனாள். பிரஷாந்தி சொன்னாளா, சனம் தானாகவே கட்டியதா என்று தெரியவில்லை. வழக்கமாக வரும் பெண்கள் செங்கலடிக்குப் பஸ் ஏறினார்கள். நிஸ்மியா மட்டும் வந்து, "உண்மையா நடந்தது என்ன?" என்று துருவினாள்.

"மெழுகு கூடச் சுட்டுப்போட்டுது ராத்தா" என்றாள் றெபேக்கா. அது உண்மைதான். தன் பெயரைக் காப்பாற்ற ஒரு சொல் போதும், ஆனால் அந்தச் சொல் வீதியைக் கடந்து எதிர்க்கடையை மூடிவிடும். வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அதைத் தியாகம் என்று அவள் நினைக்கவில்லை. துவாயைக் கொளுத்திய கைக்கு அவ்வளவு உரிமை இல்லை என்றுதான் நினைத்தாள்.

சாமத்தியச் சடங்கு நடந்தது. ஒலிபெருக்கி கேட்டது, றெபேக்காவுக்கு அழைப்பு இல்லை. மகள் கஜானி பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்து தாய்க்குக் கடையில் கூடமாட நிற்கத் தொடங்கினாள். "தாய்க்கு வந்த வரம் மகளுக்கும் இறங்கும்" என்று ரொட்டிக்குக் காத்திருந்தவர்கள் பேசிக்கொண்டது றெபேக்காவுக்கும் கேட்டது.

ஒரு பின்னேரம் அந்தக் கடையிலிருந்து ஓர் அலறல் எழுந்தது.

றெபேக்கா வீதியைக் கடந்து ஓடினாள். கஜானி தண்ணீர் வாளிக்குள் முழங்கைவரை கையை அமிழ்த்திக்கொண்டு துடித்தாள். "அம்மாள் தந்திரிப்பாவெண்டு நினைச்சன்... நீங்க வைச்சமாதிரித்தானே நானும் வைச்சன்..."

பிரஷாந்தி தட்டின் அருகே நின்றாள். மகளுக்கு எப்படி வைப்பது என்று காட்டத் தன் இடக்கையைத் தட்டில் வைத்திருக்கிறாள். பிள்ளை அலறியதும் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தவள், கையை எடுக்க மறந்துவிட்டாள். எடு என்று சொல்ல அந்தக் கையில் எதுவும் இருக்கவில்லை. தட்டிலிருந்து புகை வந்தது. ரொட்டி வேகும் வாசமல்ல அது. வரிசையில் நின்ற ஒருவர் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க அக்கா!"

றெபேக்கா அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையின் ஓரம் தட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. தான் தொட்டது அவளுக்கு அப்போது தெரியவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பிரஷாந்தி தன் கையைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் கையைப் பார்த்தாள். பிள்ளையின் விரல் நுனிகள் மட்டும் சிவந்திருந்தன. கண்மூடித் திறக்கும் நேரம்கூட அவை தட்டில் நிற்கவில்லை. ஒரே தட்டு, ஒரே சூடு. அலறிய கை தப்பிவிட்டது. அமைதியாக இருந்த கையில் எலும்பு தெரிந்தது.

பிரஷாந்தி றெபேக்காவின் பக்கம் சாய்ந்தாள். "எந்தக் கிழமை புள்ள அந்தக் கிளினிக்?" என்றாள், வேறு யாருக்கும் கேட்காமல்.

கைக்கு மருந்து கட்டிப் புண் ஆறத் தொடங்கியபின் போனார்கள். ஜொய்சன்தான் ஓட்டோவில் கூட்டிப்போனான். வழியில் எதுவும் கேட்கவில்லை. டொக்டர் இளம் பெண். தோலில் சிறு கீறல் போட்டு எடுத்துச் சோதித்தார். தொழுநோய் என்று நேராகவே சொன்னார். மாந்தீவெல்லாம் பழைய கதை, வீட்டிலேயே இருக்கலாம், மருந்து தொடங்கினால் மற்றவர்களுக்குத் தொற்றாது, ஒழுங்காகக் குடித்தால் சுகமாகும் என்றார். பிள்ளையையும் ஒருமுறை காட்டச் சொன்னார். பிரஷாந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எவ்வளவு காதில் விழுந்தது என்று றெபேக்காவால் சொல்ல முடியவில்லை.

"எங்கெங்க உணர்ச்சி போயிரிக்கெண்டு பாப்பம். கண்ண மூடிக்கொள்ளுங்க. நான் பஞ்சால தொடுற நேரம், தொட்ட இடத்த விரலால காட்டுங்க."

கன்னத்தில் தொட்டார். பிரஷாந்தி சரியாகக் காட்டினாள். புருவ வாலில் தொட்டார். பிரஷாந்தி காத்திருந்தாள். முன்கையில் தொட்டார், ஓரிடம், இன்னோரிடம், இன்னுமோரிடம். விரல் எழவில்லை. அறையில் நெடுநேரம் ஒன்றும் நடக்காததை உணர்ந்தவள்போல, தானாகவே விரலைத் தூக்கித் தாடையைக் காட்டினாள். அங்கே யாரும் தொட்டிருக்கவில்லை.

"சரியாக் காட்டினனா புள்ள?" என்று மூடிய கண்ணோடு றெபேக்காவைக் கேட்டாள்.

சோதனையில் தோற்கக்கூடாது என்று பாடுபடும் பிள்ளையின் முகமாக இருந்தது அது. "இல்ல அக்கா" என்றாள் றெபேக்கா. "கையில மூண்டு இடம் தொட்டாங்க."

பிரஷாந்தி கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைகளின் ஓரத்தால் நீர் இறங்கியது. டொக்டர் குனிந்து செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளங்காலில் பஞ்சை வைத்தார்.

பிரஷாந்தி துள்ளிக் காலை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, கூசுது!"

மற்றக் காலிலும் அப்படித்தான். டொக்டர் நிமிர்ந்து, "கால் ரெண்டும் நல்லா இரிக்கு. அதுல ஒண்டும் போகல்ல" என்றார்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து முதல் வேளைக் குளிசைகளை விழுங்கியபின், றெபேக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப அக்கா... நீங்க தீ மிதிக்கிற நேரம்?"

பிரஷாந்தி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தாள்.

"சுடும் புள்ள" என்றாள். "இறங்கின உடன உச்சி வரைக்கும் சுடும். ஒவ்வொரு வருசமும். மற்றவங்களுக்குச் சுடாதாம், எனக்கு மட்டும் சுடுது, எண்ட பக்தியிலதான் ஏதோ குறையாக்குமெண்டு நினைச்சு ஒருத்தரிட்டையும் சொன்னதில்ல. மறுகா கை இப்படி வந்தோடன, அம்மாள் ஒருபடியா மன்னிச்சுப்போட்டாவெண்டு சந்தோசப்பட்டன்."

றெபேக்கா குனிந்து அவளுடைய கால்களைப் பார்த்தாள்.

"அப்ப சுட்டுக்கொண்டுதான் நடந்திரிக்கன்" என்றாள் பிரஷாந்தி மெதுவாக, அதை அப்போதுதான் கண்டுபிடித்தவளைப்போல. "மரத்துப்போன காலால இல்ல, முழுக்க நான்தான் நடந்திரிக்கன்."